காவிரியின் தலைமாட்டில் ஒரு மரத்தோட்டம்

திருச்சி உறையூரில் குழாயைத் திறக்கும் யாருக்கும் நீலகிரி நினைவுக்கு வருவதில்லை. கம்பரசம்பேட்டையில் காவிரி மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து மோட்டார் இழுக்கும் தண்ணீர், மேல்நிலைத் தொட்டிக்கு ஏறித் தெருவுக்கு வந்துவிடுகிறது. தறிச் சத்தம் இன்னும் ஓயாத வீடும், ஒரு காலத்தில் சுருட்டு சுற்றிய வீடும், நேற்று எழும்பிய அடுக்ககமும் இந்த ஆற்றை நம்பித்தான் இருக்கின்றன. சோழர் தலைநகராக இருந்தபோதும் ஊரின் பிழைப்பு இதே ஆறுதான். ராஜராஜன் காலத்து வாய்க்கால் என்று சொல்லப்படும் உய்யக்கொண்டான், பேட்டைவாய்த்தலையில் பிரிந்து இன்றும் இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது.

தண்ணீர் குறைந்தால் திருச்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "மேட்டூர்ல எவ்வளவு திறந்திருக்காங்க?" என்பதுதான். அடுத்த கேள்வி கர்நாடகத்தைப் பற்றியதாக இருக்கும். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் நடுவில் காவிரியில் வந்து சேரும் ஆறுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கூடுதுறையில் பவானி வந்து சேர்கிறது. கொடுமுடிக்குக் கீழே நொய்யல் சேர்கிறது. கரூர் அருகே திருமுக்கூடலூரில் அமராவதி கலக்கிறது. இவை பிறக்கும் மலைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரி, பழனிமலை, ஆனைமலை ஆகிய அந்த மலைகளின் உச்சியில் என்ன மரம் நிற்க வேண்டும், எவ்வளவு நிற்க வேண்டும், எப்போது வெட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நம்மவர்கள். அந்த முடிவுகளை எடுத்தபோது கீழே இருக்கும் குழாயை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பவானியில் ஓடும் தண்ணீர் முழுவதும் திருச்சிக்கு வருவதில்லை. பவானிசாகர் அணையின் கொள்ளளவான 32.8 டி.எம்.சி.யில் பெரும்பங்கு கீழ்பவானி, கொடிவேரி, காலிங்கராயன் பாசனங்களுக்கே சரியாகிவிடும். அதில் மிஞ்சுவதும் கசிவதும்தான் கூடுதுறை தாண்டிக் கிழக்கே வரும். ஆனால் மிஞ்சுவது குறையக் குறைய, கரூர், திருச்சி, தஞ்சைத் தேவை முழுவதும் மேட்டூர் தலையில் விழுகிறது. 2016-ல் பருவமழை பொய்த்து, 2017 கோடையில் காவிரி மணல்வெளியாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு கிளை ஓடையும் எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

கிளன்மார்கன் சொன்ன கணக்கு

மரம் வைத்தால் மழை வரும், மரம் இருந்தால் ஊற்று வற்றாது. பள்ளிக்கூடச் சுவரிலிருந்து பஞ்சாயத்துத் தீர்மானம் வரை நாம் எழுதிவைத்திருப்பது இதைத்தான். இதைச் சோதித்துப் பார்க்க நீலகிரியிலேயே ஓர் ஆய்வு நடந்தது. இந்திய அளவில் மட்டுமல்ல, உலக அளவிலும் நீரியல் ஆய்வாளர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டும் ஆய்வு அது. அதன் முடிவு தமிழ்நாட்டு மக்களுக்குத்தான் சரியாக வந்து சேரவில்லை.

உதகையில் இருக்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், பைக்காரா பக்கம் கிளன்மார்கனில் அடுத்தடுத்து இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் மேட்டில் புல்லும் பள்ளத்தில் கொஞ்சம் சோலைக்காடும் இருந்தன. ஓடை வெளியேறும் இடத்தில் தடுப்புக் கட்டி, வழியும் நீரின் உயரத்தை இடைவிடாமல் பதிவு செய்தார்கள். 1968-லிருந்து சில ஆண்டுகள் இரண்டையும் தொடாமலே அளந்து, ஒரே மழைக்கு எது எவ்வளவு ஓடும் என்ற உறவைப் பிடித்துக்கொண்டார்கள். 1972-ல் ஒன்றில் மட்டும் 59 சதவீத நிலத்தில் தைலமரம் நட்டார்கள். நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்வார்களே, அதுதான். இன்னொன்றைப் புல்லாகவே விட்டார்கள்.

முதல் பத்தாண்டில், தைலமரம் நட்ட பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பாகத் துளிர்க்கவிட்ட இரண்டாவது பத்தாண்டில் குறைவு ஏறத்தாழ 25 சதவீதம் ஆனது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் ஊன்றி நிற்கிறது. மேலே புதிய போத்துகள் கொழுகொழுவென்று வளர்கின்றன. முதல் முறை மரம் சிறுசாக இருந்த ஆண்டுகளில் நிலத்துக்குக் கிடைத்த ஓய்வு, இரண்டாம் முறை கிடைக்கவில்லை.

இதைவிட வருத்தமான சேதி, மழையில்லாத மாதங்களின் ஓட்டத்துக்கு விழுந்த அடி. ஆண்டு மொத்தம் குறைந்த விகிதத்தைவிடக் கோடை ஓட்டம் குறைந்த விகிதம் அதிகம். வெள்ளத்தின் உச்சம் குறைந்தது என்பதும் உண்மை. அதை நன்மைப் பக்கம்தான் எழுத வேண்டும். ஆனால் ஆற்றை நம்பிக் குடிக்கும் ஊருக்கு ஜூலை வெள்ளத்தைவிட ஏப்ரல் ஓடை பெரிது.

ஏன் இப்படி? நீலகிரி உச்சியில் புல்வெளியும் சோலையும் சேர்ந்த அமைப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிலைத்தது. மேட்டில் புல், மலை மடிப்பில் சோலை, அடியில் சதுப்பு. பெய்யும் மழை கருமண்ணில் இறங்கி, சதுப்பில் தங்கி, மெல்ல மெல்ல ஓடையாகக் கசியும். பனிக்காலத்தில் உறைபனி பட்டுப் புல் கருகிவிடும். கருகிய புல் தண்ணீர் உறிஞ்சாது. தைலமரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. வருடம் முழுக்க இலை இருக்கிறது, இலை இருக்கும்வரை வேர் இழுக்கிறது. புல்லின் வேர் எட்டாத ஆழத்து ஈரத்தையும் அது எட்டிப் பிடிக்கிறது. மழையில் ஒரு பகுதி இலைமேலேயே தங்கி ஆவியாகி, மண்ணைத் தொடாமலே போய்விடுகிறது.

இந்த ஆய்வைக் காட்டித் தைலமரத்தைப் பேயாக்குவது சரியில்லை. சோலை மரமும் தண்ணீர் குடிக்கும், ஆலமரமும் குடிக்கும். கிளன்மார்கனில் அளந்தது புல்லுக்கும் மரத்தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. பொட்டலாகக் கிடந்து மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடிப்போகும் சரிவில் மரம் வளர்த்தால், சில இடங்களில் கோடை ஊற்று மேம்படவும் கூடும். புல்லாகவே இருக்க வேண்டிய இடத்தில் அடர்ந்த தோட்டத்தை எழுப்பியதில்தான் கோளாறு.

"தரிசு" என்று எழுதப்பட்ட புல்வெளி

1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த மரம் இது. உதகையில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குக் குளிர்காய விறகு வேண்டியிருந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தது. புல்வெளியை வருவாய் ஏடுகள் தரிசு என்று எழுதின. தரிசு என்றால் அடுத்து எதையாவது நட வேண்டும் என்றுதான் அதிகாரிக்குத் தோன்றும். அதே புல்லில் எருமை மேய்த்து, சதுப்புப் புல்லால் கோயிலுக்குக் கூரை வேய்ந்த தோடர்களிடம் யாரும் கேட்கவில்லை.

வேகம் பிடித்தது விடுதலைக்குப் பிறகுதான். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் மேல் நீலகிரியின் புல்மேடுகள் வரிசை வரிசையாகத் தைலமரமும் சீகையும் ஆயின. தைலமரக் கட்டை சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போனது. அந்த ஆலை பவானிக் கரையிலேயே இருந்தது. மலையில் ஓடை நீரைக் குறைத்த மரம், கீழே ஆலையில் இழையாகி, அதன் கழிவு அதே ஆற்றில் கலந்து பவானிசாகருக்குப் போனது. அதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மரங்கள் மலையில் நிற்கின்றன.

பழனிமலையிலும் இதே கதைதான். கொடைக்கானல் மேட்டின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு 1973-க்கும் 2014-க்கும் நடுவில் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. மரத்தோட்டமும் விவசாயமும் அதை விழுங்கியிருந்தன. அந்த மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் சண்முக நதியாகி அமராவதியில் சேர்ந்து, கரூர் வழியாகத் திருச்சிக்கு வருகின்றன.

அளவு புரிவதற்கு ஒரு கணக்கு. உலகெங்கும் 94 நீர்ப்பிடிப்புகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, பாஷ், ஹூலெட் என்ற இரு அறிஞர்கள் 1982-ல் ஒரு தோராய விதியைச் சொன்னார்கள். ஒரு நீர்ப்பிடிப்பின் பரப்பில் 10 சதவீதம் ஊசியிலை மரமோ தைலமரமோ ஆனால், ஆண்டு நீர்வரத்து சுமார் 40 மில்லிமீட்டர் குறையும். நூறு ஹெக்டேர் மலைச்சரிவில் பத்து ஹெக்டேர் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். குறைவு ஆண்டுக்கு 4 கோடி லிட்டர். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். அந்த அளவில் சுமார் 800 பேர் ஓராண்டு முழுக்கப் புழங்கும் தண்ணீர் அது. இடத்துக்கு இடம் இந்த எண் மாறும். மழை குறைந்த ஆண்டில் வேறு, மிகுந்த ஆண்டில் வேறு. ஆனால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு திட்டம் போட்டது தவறு என்பதற்கு இது போதும்.

காஜாமலையிலிருந்து புதுக்கோட்டைக்கு

மலையை விட்டு இறங்கி வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-ல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் சென்னையில் இல்லை. திருச்சி காஜாமலையில், உறையூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காகிதக் கூழுக்கான தைலமரம், சவுக்கு, முந்திரி எனப் பல மாவட்டங்களில் அது தோட்டம் வளர்க்கிறது. அதில் புதுக்கோட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. மரத்துக்குச் சந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது. கரூர் காகிதபுரத்தில் காவிரிக் கரையோரம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, மணப்பாறை மொண்டிப்பட்டியில் அதன் இரண்டாவது அலகு.

புதுக்கோட்டையில் 5,000-க்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் உண்டு. வற்றாத ஆறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. மழை பெய்து, மேட்டுக் காட்டில் ஓடி, வரத்துவாரியில் இறங்கி, ஒரு கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போனால்தான் விவசாயம். அந்த மேட்டுக் காடுகள்தான் தைலமரத் தோட்டங்களாயின.

அங்கே விவசாயிகள் சொல்லும் குறை வெறும் வேரைப் பற்றியதல்ல. தோட்டத்தின் ஓரத்தைப் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். சரிவுக்குக் குறுக்கே நீளமாகக் குழி எடுத்திருப்பார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகக் கொட்டியிருப்பார்கள். மழைநீர் தோட்டத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே இறங்கி மரத்துக்குப் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். மர வளர்ப்பு என்ற கோணத்தில் பார்த்தால் அது நல்ல வேலைதான். அந்த வரப்புக்குக் கீழே இருக்கும் வரத்துவாரியில் ஆவாரையும் கருவேலமும் முளைத்துக் கிடக்கும். நல்ல மழை பெய்த பிறகும் வாரியில் தண்ணீர் வந்த தடம் இருக்காது. மண்ணுக்குள் இறங்கிய நீர் நிலத்தடிக்குப் போகுமே என்று கேட்கலாம். போகும் வழியில் வேர் இருக்கிறது. இந்தப் பிரச்சினை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போயிருக்கிறது.

இதே புதுக்கோட்டைக்குக் குடிநீர் திருச்சிப் பக்கமிருந்து காவிரி நீராகக் குழாயில் போகிறது. 2021 பிப்ரவரியில், காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். 14,400 கோடி ரூபாய்த் திட்டம். அது வரட்டும், வரவேண்டும், மூன்று தலைமுறையாக அந்த மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வானம் இலவசமாகக் கொடுக்கும் மழையைக் கண்மாய்க்கு மேலேயே மறித்துவிட்டு, இன்னோர் ஆற்றின் தண்ணீரைக் கோடிகள் கொட்டிக் கொண்டுவருவது எந்த ஊர்க் கணக்கு? வரப்பில் தகுந்த இடங்களில் வாய் திறந்துவிடுவது மண்வெட்டியோடு முடிகிற வேலை.

தோட்டத்தை நடத்தும் விதம்

மரத்தோட்டம் வேண்டவே வேண்டாம் என்று சொல்வது எளிது. காகிதம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கிணறு வற்றி, ஆள் கிடைக்காமல், கடலைக்கு விலையும் இல்லாமல் தைலமரம் போட்ட விவசாயியிடம் அதைச் சொல்லவும் முடியாது. நீலகிரியில் தைலம் காய்ச்சிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. தோட்டம் இருக்கப்போகிறது என்றால், அதை எப்படி நடத்துவது என்பதில்தான் கீழே இருப்பவர்களின் தண்ணீர் இருக்கிறது.

முதலில் இடம். ஓடையின் இரு கரையிலும் சதுப்பிலும் நிற்கும் தைலமரமும் சீகையும் மேட்டில் நிற்பவற்றைவிடக் கூடுதலாகக் குடிக்கும், ஏனென்றால் அங்கே வேருக்கு எப்போதும் ஈரம் கிடைக்கிறது. அந்தப் பட்டையை மட்டும் காலி செய்தாலே ஓடை மூச்சுவிடும். அடுத்து, ஒரே நீர்ப்பிடிப்பில் எவ்வளவு பங்கு தோட்டம், எத்தனை வயது மரங்கள் என்பது. வளர்ந்து நிற்கும் மரங்களே முழுச் சரிவையும் அடைத்தால் தண்ணீர் இழப்பும் உச்சத்தில் நிற்கும். வயது கலந்து, இடையிடையே புல்லாக விட்டால் அது தணியும். மறுதாம்பு விடுவதா, கட்டையைத் தோண்டி எடுப்பதா என்பது மூன்றாவது. கிளன்மார்கனின் இரண்டாவது பத்தாண்டு சொல்லும் பாடம் அதுதான். புதிதாக நடும் செலவு மிச்சம் என்று மறுதாம்பு விடுகிறார்கள். அந்த மிச்சத்தின் விலையை ஆறு கொடுக்கிறது.

வெட்டுவதிலும் நிதானம் வேண்டும். மலைச்சரிவில் ஒரேயடியாக மொட்டையடித்தால் அடுத்த மழையில் மண் ஓடையில் இருக்கும். பவானியின் குறுக்கே, கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணை ஏற்கெனவே வண்டலால் தவிக்கிறது. சீகை இன்னும் பிடிவாதமான மரம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை அறுத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மறு ஆண்டு போய்ப் பார்த்தால் அந்த இடம் முழுக்கச் சீகை நாற்றங்காலாக நிற்கும். வெட்டுவது ஒரு நாள் வேலை. முளைப்பதைப் பிடுங்கிப் புல்லை நிலைநிறுத்துவது பல வருட வேலை. பழனிமலையில் பழைய சீகைத் தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக எழுந்து வருகின்றன. அங்கே கைவைக்காமல் விடுவதே நல்லது என்றும், புல்வெளிக்குள் புதிதாக ஊடுருவும் சீகையை முதலில் அகற்ற வேண்டும் என்றும் அந்த மலையில் வேலை செய்யும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இடம் பார்த்துச் செய்யவேண்டிய வைத்தியம் இது.

இதையெல்லாம் சட்டமாகவே ஆக்கிய நாடு ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்கா தண்ணீருக்குத் தவிக்கும் நாடு. அங்கே மொகொபுலான் என்ற இடத்தில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் தைலமரம் நட்டார்கள். ஒன்பதாம் ஆண்டில் ஓடை முழுதாக நின்றுபோனது. பதினாறாம் ஆண்டில் மரத்தை வெட்டினார்கள். ஓடை உடனே திரும்பவில்லை. மரம் வற்றவைத்த ஆழத்து மண் நிரம்பி, நீர் மறுபடி நிலையாக ஓட ஐந்து ஆண்டுகள் பிடித்தன. இப்படிப்பட்ட அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1995-ல் அந்த நாட்டு அரசு, நீர்த்துறை அமைச்சர் காடர் அஸ்மாலின் முனைப்பில், அயல் மரங்களை அகற்றும் வேலையை ஏழைகளுக்கான வேலைவாய்ப்புத் திட்டமாகவே தொடங்கியது. 1998-ன் தேசிய நீர்ச் சட்டம், வணிக மரத்தோட்டத்தை ஆற்று ஓட்டத்தைக் குறைக்கும் தொழில் என்று அறிவித்தது. நடுவதற்கு முன் நீர்த்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆற்றில் குழாய் போட்டு இறைப்பவருக்கு உள்ள பொறுப்பு, வேர் போட்டு இறைப்பவருக்கும் உண்டு என்பது அந்தச் சட்டத்தின் நியாயம்.

இந்தியாவிலும் இந்த விவாதம் புதிதல்ல. 1980-களிலேயே கர்நாடக விவசாயிகள் தைலமர நாற்றுகளைப் பிடுங்கி எறிந்து போராடினார்கள். அந்த மாநில அரசு 2017-ல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தொடர் கண்காணிப்புக்கு நடுவே, அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கான கொள்கையை அரசு 2022-ல் கொண்டுவந்தது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டி எடுக்கும் வேலை செய்தித்தாள் காகித ஆலைக்கே கொடுக்கப்பட்டது. காட்டுக்குத் தொல்லையான மரம் காகிதமாவது நல்ல ஏற்பாடு. அதே ஆலை நீலகிரியின் சீகையையும் தைலமரத்தையும் படிப்படியாக எடுத்துக்கொண்டால், சமவெளியின் கண்மாய் மேடுகளில் புதுத் தோட்டம் போடவேண்டிய நெருக்கடி கொஞ்சமாவது குறையும்.

மர நடவு இயக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ல் ஈஷா தொடங்கிய இயக்கம் காவிரிப் படுகையில் 242 கோடி மரங்கள் என்று இலக்கு வைத்தது. விவசாய நிலத்தில் பழமரமும் வேலியில் வேம்பும் வளர்வது நல்லதே. ஆனால் ஆற்றைக் காப்பாற்றும் அளவுகோலாக மர எண்ணிக்கையை வைப்பது கிளன்மார்கன் ஓடை சொன்னதை மறப்பதாகும். அங்கே ஆற்றுக்குத் தேவைப்பட்டது புல். புல்லை யாரும் கோடிக் கணக்கில் எண்ண முடியாது, நட்டுவைத்துப் படம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதனாலேயே அதற்காகப் பேச ஆள் இல்லை.

திருச்சிக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. தோட்டங்களை முடிவு செய்யும் கழகமும், குடிநீர் இறைக்கும் மாநகராட்சியும், ஆற்றைப் பராமரிக்கும் நீர்வளத் துறையின் அலுவலகங்களும் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. மூவரும் ஒரு மேசையில் உட்கார ஒரு மதியம் போதும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கீழே எந்தக் கண்மாய், எந்த ஓடை என்ற வரைபடம் அங்கே விரிக்கப்பட வேண்டும். புதுக்கோட்டையில் இரண்டு தோட்டங்களின் கீழே, கிளன்மார்கனில் செய்ததுபோல, வாரித் தண்ணீரை அளக்கும் தடுப்பு வைக்கலாம். ஒன்றில் வரப்பைத் திறந்துவிட்டு, மற்றதை இருக்கிறபடி விட்டு, மூன்று மழைக்காலம் அளந்தால் வாதம் செய்ய வேண்டியிருக்காது.

அதற்கான நேரம் மரம் ஏலத்துக்கு வரும் சமயம்தான். தைலமரக் கூழ்த்தோட்டங்கள் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுக்கு வருகின்றன. வெட்டிய சில வாரங்களில் அடிக்கட்டையில் போத்து விட ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு முடிவு எடுக்க எதுவும் இல்லை, அடுத்த வெட்டு வரை அந்த வேர்தான் முடிவு செய்யும். ஆகவே ஏல அறிவிப்பிலேயே எழுத வேண்டும்: ஓடைக் கரையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் மறுதாம்பு கிடையாது, கட்டையோடு எடுக்க வேண்டும், ஏலம் எடுத்தவரே வரத்துவாரியை மறிக்கும் வரப்பைத் திறந்துவிட வேண்டும்.